அடுப்படிக்கும் ஒரு பங்கு வையுங்கள்

மும்பையில் முப்பது ஆண்டு குடித்தனம் நடத்திய நம்மவர் ஒருவரிடம், ஊரில் கட்டிய வீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை சதுர அடி, தளத்துக்கு என்ன கல், வாசல் நிலைக்கு என்ன மரம் என்று மூச்சு விடாமல் சொல்லுவார். அதே மனிதரிடம், இங்கே அவர் வீட்டுச் சமையல் மேடை எத்தனை அங்குல உயரம் என்று கேளுங்கள், விழிப்பார். அந்த மேடைக்கு முன்னால்தான் அவருடைய மனைவி நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் நிற்கிறார்.

"என்றைக்கிருந்தாலும் ஊருக்குப் போகிறவர்கள்தானே, இங்கே எதற்குப் பணத்தைக் கொட்டுவது?" என்பார்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஆன்டாப்ஹில்லிலும் செம்பூரிலும் இந்தப் பேச்சை மூன்று தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். சொன்னவர்களில் பலர் போகவில்லை. பிள்ளைகள் இங்கே படித்து, இங்கே வேலை தேடி, இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு விட்டார்கள். ஊர் வீட்டின் புதுச் சமையலறை, அம்மன் கொடைக்குப் போகிற பத்து நாள் திறந்திருக்கிறது. மற்ற நாட்களில் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விடக்கூட ஆள் இல்லை. இங்கேயோ ஒழுகும் குழாய், கரி பிடித்த சுவர், முதுகை ஒடிக்கும் மேடை. ஊரில் வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தினமும் உலை கொதிக்கிற இடத்துக்குத்தான் கையிலுள்ள பணத்தில் ஒரு பங்கு முதலில் போக வேண்டும் என்கிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு இங்கே சமையலறை என்பது ஓர் அறையே அல்ல, ஒரு சுவர். 1920-களில் கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் 160 சதுர அடி. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் முதலில் 225 சதுர அடி கொடுத்தார்கள், பிறகு அது 269 ஆகி, இப்போது 300 என்று இருக்கிறது. இந்த அளவுக்குள் படுக்கை, பூஜை, படிப்பு, டெலிவிஷன் எல்லாம் போக மிஞ்சுகிற ஒரு மூலைதான் அடுப்படி. விளம்பரங்களில் பளபளக்கும் சமையலறைகளின் படம் இந்த மூலைக்காக எடுத்ததல்ல. அந்தப் படத்தை அறுத்துச் சுருக்கி இங்கே ஒட்டப் பார்ப்பதில்தான் காசு வீணாகிறது.

கடைக்குப் போனால் அங்கே உங்களிடம் முதலில் கேட்கிற கேள்வி, "என்ன கலர் வேண்டும்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எத்தனை தவணை?" சுலபத் தவணை என்ற சொல்லில் சுலபம் கடைக்காரருக்குத்தான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பளபளப்பான காகிதம் ஒட்டிய அலமாரிகளை சிங்குக்குக் கீழே பொருத்திவிட்டுப் போவார்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அடிப்பாகம் அப்பளம் போல உப்பிவிடும். தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும். மாதச் சம்பளக்காரர் அடுப்படிக்காகக் கடன் வாங்குவதே கூடாது என்பது என் கருத்து. சீட்டுப் பணமோ தீபாவளி போனஸோ கையில் வருகிறபோது, அதற்குள் அடங்குகிற வேலையைச் செய்துகொள்ளலாம். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அடுப்படி வேலையைத் துண்டு துண்டாகச் செய்ய முடியும். ஒழுங்கு மட்டும் மாறக்கூடாது.

அந்த ஒழுங்கில் முதலாவது தண்ணீர். இதைக் கண்ணால் பார்த்து யாரும் பாராட்டப் போவதில்லை. அதனாலேயே யாரும் இதற்குச் செலவு செய்வதும் இல்லை. பழைய கட்டடங்களில் சுவருக்குள் ஓடுகிற இரும்புக் குழாய் உள்ளே துருவேறி ஊசித் துவாரம் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதை அப்படியே விட்டு மேலே புது டைல்ஸ் ஒட்டுகிறவர், ஆறு மாதத்தில் அதே டைல்ஸை உடைக்கப் போகிறார். ஆகவே சுவரைத் திறந்த கையோடு குழாயை மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு தண்ணீரை அழுத்தத்தோடு விட்டு, இணைப்புகளில் கசிவு இல்லை என்று பார்த்த பின்னரே சிமெண்டு பூச விட வேண்டும்.

அடுத்தது மோரி. பாத்திரம் விளக்குவதும் துணி துவைப்பதும் சில வீடுகளில் குளிப்பதும்கூட அந்த மூன்றடிச் சதுரத்தில்தான். அங்கே தரையைக் கொத்தினால், நீர் இறங்காத பூச்சைப் போட்டுவிட்டு, சாக்கடைத் துளையை அடைத்துத் தண்ணீரைக் கட்டி, ஒரு நாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள், அப்படியே நிறுத்திப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியவில்லை என்றால்தான் மேலே கல் பதிக்கலாம். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். "எல்லாம் ஓடும் சாப்" என்று மிஸ்திரி சொல்லுவார். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்து, ஓடுகிறதா தேங்குகிறதா என்று நீங்களே கண்டுகொள்ளுங்கள். மும்பையில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடக்கிற சண்டைகளில் பாதி இந்தச் சரிவிலிருந்து பிறந்தவை. பத்து ஆண்டாகப் பேசாமல் இருக்கிற இரண்டு தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். இருவரும் ஒரே தாலுகாக்காரர்கள் வேறு.

தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வருகிறது என்பதால் டிரம் வைக்காமல் முடியாது. 200 லிட்டர் டிரம் நிரம்பினால் 200 கிலோ கனம். அதை அறையின் நடுப்பகுதியிலோ, வெளியே நீட்டிக் கட்டிய இடத்திலோ வைக்காமல், சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ உத்திரத்தின் மேலோ வைப்பது நல்லது. மரத்தளம் போட்ட பழைய சால்களில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

இனி மேடை. இங்கே அதை ஓட்டா என்கிறார்கள். மிஸ்திரியின் கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 33 அங்குலம் அல்லது 34. யார் சமைக்கிறார் என்று அவர் கேட்பதில்லை. ஐந்தரை அடி உயரமுள்ள பெண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். நாலே முக்கால் அடி உயரமுள்ள நம் வீட்டு அம்மாளுக்கு 31 அங்குலம் போதும். மேடைக்கு மேலே கேஸ் அடுப்பு நான்கு அங்குலம், அதற்கு மேலே குக்கர் என்று ஏறுகிறபோது, அவர் தோளைத் தூக்கிக்கொண்டே கிண்ட வேண்டியிருக்கிறது. சாயந்திரம் கை வலி, கழுத்து வலி என்றால் தைலம் வாங்கிக் கொடுக்கிறோம்.

அளவு எடுப்பது கஷ்டமான காரியமே அல்ல. சமைப்பவரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழே ஐந்து அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் அவருடைய மேடை. மாமியாரும் மருமகளும் உயரத்தில் மாறுபட்டால், அதிக நேரம் நிற்பவரின் கோட்டை எடுத்துக்கொண்டு, மேடை உயரமாகப் படுகிறவருக்குக் காலடியில் ஒரு மணைப்பலகை போட்டுக் கொடுக்கலாம். யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் சபையில் கேட்காதீர்கள்!

நம்மவர்கள் மே மாத விடுமுறையில் குடும்பத்தை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வீட்டில் வேலையை ஆரம்பிப்பார்கள். தூசி இல்லை, தொந்தரவு இல்லை என்பது அவர்கள் நியாயம். திரும்பி வருகிற மனைவிக்கு எல்லாம் புதிதாக இருக்கும். ஒன்றுகூட அவர் கைக்கு வாட்டமாக இருக்காது. மஞ்சள் டப்பா எட்டாத அலமாரியில், பாத்திரம் வைக்கிற இடம் சிங்கின் எதிர்ப்பக்கத்தில். இடிப்பதையும் குழாய் வேலையையும் அவர் இல்லாதபோது முடித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. மேடைக் கல் ஏற்றுகிற நாளிலும் அலமாரி அடிக்கிற நாளிலும் அவர் அங்கே இருக்க வேண்டும். மிஸ்திரிக்கு உத்தரவு போடுகிற உரிமையும் அவருக்கே. இந்தி தெரியாது என்று ஒதுங்கினால், பென்சில் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கோட்டுக்கு மொழி கிடையாது.

தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து, சைக்கிளில் ஏற்றி நகரமெங்கும் அனுப்புகிற குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்கு அடுப்படி ஒரு தொழிற்சாலை. அங்கே ஒரு எக்ஸாஸ்ட் விசிறிக்குக் கொடுக்கிற பணம், வியாபாரத்தில் போடுகிற முதல். அந்த வீட்டுப் பெண்கள் ஆவியிலும் வெக்கையிலும் அதிகாலை இரண்டு மணியிலிருந்து நிற்கிறார்கள். ஊருக்கு அனுப்புகிற மணியார்டரில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

காற்று விஷயத்தில் ஒரு சிறு நுட்பம் உண்டு. விசிறியை அடுப்புக்கு மேலே உயரத்தில் வைத்தால் போதாது. வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு விசிறியை ஓட்டினால் அது சத்தம் போடும், புகை நகராது. எதிர்ப்பக்கக் கதவைச் சிறிது திறந்து வைத்தாலே வித்தியாசம் தெரியும். பெரிய விலை கொடுத்துச் சிம்னி வாங்கி, அதன் குழாயை வெளியே விட இடமில்லாமல் அறைக்குள்ளேயே திருப்பி விட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அதற்கு ஒன்பது அங்குல விசிறி எவ்வளவோ மேல்.

கேஸ் சிலிண்டரை மேடைக்குக் கீழே வைப்பவர்கள் அந்த இடத்தை முழுக்க மூடிவிடக் கூடாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே கதவு போட்டால் அடிப்பக்கத்தில் துவாரம் வேண்டும். குழாய் மூலம் வருகிற இயற்கை வாயு அதற்கு நேர்மாறு. அது மேலே ஏறும், அதற்கு உயரத்தில் வழி வேண்டும். ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவரில் பதித்த கேஸ் குழாயை நகர்த்த வேண்டுமானால் கேஸ் கம்பெனி ஆளைத்தான் அழைக்க வேண்டும். "நானே செய்து தருகிறேன்" என்று சொல்லுகிற பிளம்பரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மின்சாரத்தில் நமக்கென்று ஒரு தனித் தேவை உண்டு. இங்குள்ள தச்சர் சப்பாத்திக் கல்லுக்கு இடம் விடுவார். கிரைண்டர் என்ற பண்டத்தை அவர் நினைப்பதில்லை. கடைசியில் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, வாரத்துக்கு இரண்டு முறை பத்துப் பதினைந்து கிலோவைக் குனிந்து இழுக்கிறார்கள் நம் பெண்கள். ஆரம்பத்திலேயே முழங்கால் உயரத்தில் ஒரு கல் பலகை போட்டு, அருகில் ஒரு பிளக் வைத்து, அடியில் ரப்பர் விரிப்பும் போட்டுவிட்டால் கீழ்வீட்டாருக்கும் அதிர்வு போகாது. இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட் இழுக்கும். ஏறத்தாழ 9 ஆம்பியர். அதைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்குரிய தடித்த கம்பியும் தனியாக இழுக்க வேண்டும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிற இடம் அது என்பதால், எர்த் கம்பி இருக்கிறதா, கசிவு ஏற்பட்டால் தானே அணைகிற சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அலமாரிக் கதவின் நிறத்தைவிட இது முக்கியம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கல்லும் பலகையும். ஆந்திராவின் கடப்பாக் கல்லும் ராஜஸ்தானின் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக்கல் வகை. விலை குறைவு, கனம் தாங்கும், ஆனால் புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்டால் வெளுத்துத் தழும்பு விழும். நம் சமையலில் புளி இல்லாத நாள் ஏது? ஆகவே மேல்பலகைக்கு மட்டும் கிரானைட் போடலாம். அது கிருஷ்ணகிரியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் நம்மைப் போலவே பிழைக்க வெளியூர் போகிற கல்தான். கீழ்த்தட்டுகளுக்குக் கடப்பாவே போதும். பழைய மேடையின் கடப்பாக் கல்லை உடைத்து எறிய விடாதீர்கள். அளவாக வெட்டினால் அதுவே இரண்டு தட்டு ஆகும். முழு நீளத்துக்கும் கதவு போட வேண்டிய அவசியமும் இல்லை. எவர்சில்வர் டப்பா அடுக்கிய திறந்த தட்டு பார்வைக்கு ஒன்றும் குறைந்துவிடாது, கரப்பானுக்கும் ஒளிய இடம் கிடையாது. சிங்குக்குக் கீழே கண்டிப்பாக மரம் வேண்டும் என்றால், நீர் தாங்குகிற மெரைன் பிளைவுட் என்று கேட்டு, ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பலகையிலேயே பார்த்து வாங்குங்கள்.

ஆள் பிடிக்கும்போது, காலையில் நாக்காவில் நிற்பவரைத் தினக்கூலிக்கு அழைப்பதா, மொத்தமாகப் பேசுவதா என்ற கேள்வி வரும். சிறு வேலைக்கு மொத்தப் பேச்சே நல்லது. நாள் கூலியில் நாள் நீளும். எதைப் பேசினாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இடித்த கல்லையும் மண்ணையும் யார் அகற்றுவது, லிப்ட் இல்லாத நாலாவது மாடிக்குச் சிமெண்டும் மணலும் சுமந்து ஏற்றும் கூலி யாருடையது என்பதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். நம்மவரில் கொத்தனார்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் எழுதித்தான் கொள்ள வேண்டும். ஊர்க்காரர் என்பதால் கேட்கக் கூசி, பிறகு உறவே முறிகிறது. கையிலுள்ளது 80,000 ரூபாய் என்றால் 70,000-க்கே திட்டம் போடுங்கள். சுவரைத் திறந்த பிறகு அதற்குள் என்ன இருக்கும் என்று அந்தச் சுவருக்குத்தான் தெரியும். தூணிலும் உத்திரத்திலும் உளி படவே கூடாது. சொசைட்டிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து அனுமதி பெற்றுவிட்டால், நடுவேலையில் செயலாளர் வந்து நிறுத்துகிற அவமானம் இல்லை.

வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பகடி முறையில் தலைமுறையாக இருப்பவர்கள், வீட்டுக்காரருக்குப் பயந்து ஆணிகூட அடிப்பதில்லை. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அனுமதியின்றி நிரந்தரக் கட்டுமானம் செய்தால் குடியிருப்பவரை வெளியேற்றலாம் என்று 16-வது பிரிவு சொல்லுகிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், நின்று சமைக்கும் மேடை, காற்றுக்குத் தேவையான ஜன்னல், எக்ஸாஸ்ட் வழி, புகைபோக்கி ஆகியவை அந்தக் கணக்கில் சேராது என்றும் சொல்லியிருக்கிறது. மாநகராட்சி அனுமதி தேவைப்படும் இடத்தில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. நின்று சமைக்க ஒரு மேடை ஆடம்பரமல்ல என்று சட்டம் எழுதியவர்களுக்கே தோன்றியிருக்கிறது! இருந்தாலும் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் நிலை வேறு. அவர்கள் சுவரில் ஒரு ரூபாயும் போட வேண்டாம். ஆங்கிள் இரும்பில் சரியான உயரத்துக்கு ஒரு மேஜை செய்து, மேலே ஒரு கல் பலகை வைத்துக்கொண்டால், வீடு மாறும்போது டெம்போவில் அதுவும் கூடவே வரும்.

இன்னொரு சாரார், "கட்டடமே இடிபடப் போகிறது, புது வீட்டில் பார்த்துக்கொள்வோம்" என்கிறார்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் தந்தது 2004-ல். அன்றைக்கு அந்தச் செய்தியை நம்பி அடுப்படி வேலையை நிறுத்திய வீட்டில் அப்போது தொட்டிலில் கிடந்த பெண் குழந்தைக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அதே மேடையில் அவளும் சமைக்கக் கற்றுக்கொண்டாள். இடிபடப் போகிற கட்டடத்தில் கிரானைட்டும் டைல்ஸும் வேண்டாம் என்பது சரி. விசிறியையும் சிங்கையும் இரும்பு மேஜையையும் கழற்றி எடுத்துப் போகலாமே. குழாய்க்கு ஆகிற செலவு ஒன்றுதான் கட்டடத்தோடு போகும். அதையும் எத்தனை ஆண்டு பயன்படுத்தினோம் என்று வகுத்துப் பார்த்தால், மாதத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் கணக்குக்கூட வராது.